வன்னி ரோட்டுக்கு இரும்புச் சைக்கிளா, அலுமினியச் சைக்கிளா?

கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடைசியில் இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்பார். ஒன்று, 28 அங்குல ரயர் போட்ட பழைய பாணி இரும்புச் சைக்கிள். மற்றது, 26 அங்குல ரயரும் முன் சொக்கும் (குலுக்கலை வாங்கும் ஸ்பிறிங் போர்க்) பூட்டிய அலுமினிய மவுண்டன் சைக்கிள். 'இரும்பு மெத்தென்று ஓடும், அலுமினியம் முதுகை உடைக்கும்' என்ற பேச்சு பாதிதான் சரி.

அலுமினியத்தின் விறைப்பு இரும்பினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, எடையும் அப்படித்தான். இரும்புக் குழாயின் பருமனிலேயே செய்தால் வண்டி துவளும். அதனால்தான் பிறேம் குழாயைப் பெருப்பிக்கிறார்கள். சுவரின் தடிப்பு மாறாமல் விட்டம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஏறி மிதிக்கும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். குழியில் விழும்போது அவ்வளவாகத் தெரியாது. முக்கோணமாகப் பொருத்திய பிறேம் எந்த உலோகமானாலும் மேல்கீழாக மில்லிமீற்றர் கணக்கில்தான் அசையும். ரயரோ கல்லில் ஏறும்போது சென்ரிமீற்றர் அளவுக்கு அமுங்கும்.

அப்படியானால் இரும்புச் சைக்கிள் ஏன் சுகமாக இருக்கிறது? சீற்றுக்குக் கீழே ஸ்பிறிங் இருக்கிறது. முன் சில்லைப் பிடிக்கும் போர்க் சரிந்து, நுனியில் நன்றாக வளைந்திருக்கிறது. இரண்டு சில்லுக்கும் இடைவெளி கூட. அலுமினிய வண்டியில் சீற் ஒடுக்கம், போர்க் நேர். மலிந்த முன் சொக்கில் வெறும் ஸ்பிறிங் மட்டுந்தான், துள்ளலை அடக்க உள்ளே எதுவுமில்லை. கிறவல் புழுதி சீலுக்குள் போய், மாரி மழையும் பட்டால் அது இறுகிவிடும். பிறகு இரண்டு கிலோவுக்கு மேலான சுமைதான் மிச்சம்.

ஆகவே பிறேமைத் திட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது அளவல்ல. 65 கிலோ ஆள், 26 × 1.95 அங்குல ரயர் என்றால் கிறவலுக்கு முன்னுக்கு 30–35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னுக்கு 35–40 போதும். ரயர் பக்கத்தில் அச்சடித்த குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. காற்று இதைவிடக் குறைந்தால் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் ரியூப் நசிந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். அப்படிச் சோடியாக ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம். மோட்டார்சைக்கிள் கடைக் காற்றுமானி அலுமினிய வண்டியின் வால்கட்டைக்கு (காற்றடிக்கும் வாய்க்கு) பொருந்தும். பழைய வண்டியின், வால்ரியூப் என்ற சின்ன றப்பர்க் குழாய் போட்ட கட்டையில் அது அளவு காட்டாது.

உலோகம் உண்மையில் பேசுவது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில். இரும்புக்கு ஒரு எல்லை உண்டு; அதற்குள் எத்தனை தரம் குலுக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை இல்லை, சின்னக் குலுக்கலும் கணக்கில் சேரும். மாதம் ஒருமுறை ஹாண்டில் கழுத்துக்குக் கீழே, கீழ்க்குழாயின் வெல்டிங் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தபின்னும் தலைமயிர் போல ஒரு கோட்டில் புழுதி நின்றால் அது வெடிப்பு. இரும்பு வெடித்தால் பட்டறையில் பித்தளை வைத்து ஒட்டலாம். அலுமினியத்தை ஒட்டினாலும், மறுபடி சூட்டுப்பதம் கொடுக்காவிட்டால் ஒட்டின இடத்தின் ஓரம் பலமிழந்தே இருக்கும்.

கரியரில் அரிசி மூட்டை, விறகு, பின்னால் ஒரு ஆள் என்று ஓடுகிறவர் இரும்பையே எடுக்கட்டும். அலுமினிய வண்டிக்குப் பூட்டும், சீற் குழாயில் கவ்வும் கரியர்களில் பெரும்பாலும் 10 கிலோ அளவுதான் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம், ரியூசன், ஏ9 தார் ரோட்டு என்றால் அலுமினியம் நல்லது. சீற்றை மட்டும் அகலமானதாக மாற்றுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரம் இரும்பு கறள் பிடிக்கும், அலுமினியம் பிடிக்காது. ஆனால் அலுமினியப் பிறேமுக்குள் இரும்பு சீற் குழாய் இருந்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டிப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, கிறீஸ் தடவிப் போடுங்கள். இறுகிவிட்டால் வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.