நாலு வருடமாக ரை விஸ்கி: மணத்தில் குறையில்லை, லேபிள் மேல்தான் கோபம்

போன வாரம் நண்பர் ஒருவர் கடையில் நின்றபடியே ஒரு பாட்டிலைப் படமெடுத்து அனுப்பி, "மச்சி, எப்பவும் வாங்குற போர்பன் இல்லை. இந்த ரை எடுக்கலாமா?" என்று கேட்டார். "வேண்டாம், வெச்சிடு" என்று உடனே பதில் போட்டேன். நாலு வருடமாக என் வீட்டு அலமாரியில் ரை, அதாவது ரை என்ற தானியத்தில் வடிக்கும் விஸ்கி, இல்லாத மாதமே கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாய் ருசி பாருங்கள் என்று ஊற்றிக் கொடுக்கிறவன் நான். நானே ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. அதைச் சொல்லத்தான் இது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்குக்கு வேலை மாறி வந்த புதிதில் எனக்கு போர்பன் என்ற மக்காச்சோள விஸ்கி மட்டும்தான் தெரியும். மன்ஹாட்டன் காக்டெயில் கலக்கினாலும் அதைத்தான் ஊற்றுவேன். போர்பனில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அதன் இனிப்பு ஒரு பக்கம். காக்டெயிலில் சேரும் ஸ்வீட் வெர்முத் என்ற மூலிகை ஒயினின் இனிப்பு இன்னொரு பக்கம். பாயாசத்தில் ஜீரா ஊற்றின மாதிரி இருக்கும். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் "ரை ஊற்றிப் பார்" என்றார். ரிட்டன்ஹவுஸ் என்ற ரை வாங்கி வந்தேன். அளவு மாற்றவில்லை: இரண்டு பங்கு விஸ்கி, ஒரு பங்கு வெர்முத், கொஞ்சம் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு. அந்த ஒரு தானியம் மாறியதில் மொத்தக் கிளாஸும் நிமிர்ந்துவிட்டது.

ராவாகக் குடிக்கப் பொறுமை வேண்டும். 50 சதவீத ஆல்கஹால். ஊற்றின கையோடு முகர்ந்தால் மூக்கு எரியும். பத்து நிமிடம் மேஜையில் வைத்துவிடுவேன். அப்புறம் அரை டீஸ்பூன் தண்ணீர். முதலில் கருகிய சர்க்கரை வாசனை, அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்ததும் இனிப்பு வருவது போல வந்து நாக்கின் நடுவிலேயே நின்றுவிடும். அந்த இடத்தை மிளகு பிடித்துக்கொள்ளும். விழுங்கிய பிறகு, சுக்குக் காப்பி குடித்து முடித்த தொண்டையில் ஒரு சூடு நிற்குமே, அதேதான். நாக்கு வறண்டு, துடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த வறட்சிக்காகத்தான் நான் ரை குடிக்கிறேன். பாட்டில் கால்வாசி இறங்கி ஒரு மாதம் ஆன பிறகு இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

ரை என்றதும் நம் கம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு, இது கோதுமைக்கும் பார்லிக்கும் சொந்தக்காரத் தானியம், குளிரையும் மெலிந்த மண்ணையும் தாங்கி விளையும். அதனால்தான் இந்த மேற்குப் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரும் ஸ்காட்ஸ்-ஐரிஷ்காரர்களும் அதை விதைத்தார்கள். மலையைத் தாண்டித் தானிய மூட்டை கொண்டுபோவதைவிட அதையே விஸ்கியாக்கிக் கொண்டுபோவது சுலபம். ஊருக்குள் ஓடும் மொனாங்கஹேலா ஆற்றின் பெயரில்தான் அந்த விஸ்கி பெயர் வாங்கியது. 1791இல் அமெரிக்க அரசு விஸ்கிக்கு வரி போட்டது. 1794இல் இந்தப் பக்கத்து விவசாயிகள் கலகம் செய்தார்கள். அவர்களை அடக்கப் படை திரட்டிய அதே அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1797இல் விஸ்கி வடிக்க ஆரம்பித்தார்கள். 60 சதவீதம் ரை, 35 மக்காச்சோளம், 5 முளைகட்டிய பார்லி. 1799இல் மட்டும் கிட்டத்தட்ட 11,000 கேலன். இரு நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கலவைக் கணக்கு எனக்குத் தெரிகிறது. இன்று கடையில் நிற்கும் பாட்டிலின் கணக்கு தெரியமாட்டேன் என்கிறது. என் கோபமே இதுதான்.

அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் 51 சதவீதம் ரை இருந்தால் போதும், ரை விஸ்கி என்று எழுதலாம். 51ஆ, 95ஆ என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. 51 இருப்பது போர்பனுக்குப் பக்கத்து வீடு. 95 இருப்பது வேறு ஊர். புதினாவும் சதகுப்பையும் மாதிரி ஒரு பச்சை வாசனை முகத்தில் அடிக்கும். இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர். கனடாவில் இன்னும் மோசம், ரை தானியமே இல்லாமலும் ரை விஸ்கி என்று எழுத அங்கே சட்டம் இடம்கொடுக்கிறது.

இரண்டு வருடம் முன்னால், வயல் படமும் குடும்பக் கதையும் அச்சடித்த ஒரு பாட்டிலை 60 டாலர் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் திருப்பினால், எறும்பு எழுத்தில் "இண்டியானாவில் வடிக்கப்பட்டது" என்று இருக்கிறது. இண்டியானாவின் லாரன்ஸ்பர்க்கில் ஒரு பெரிய ஆலை 95 சதவீத ரை வடித்துப் பல பிராண்டுகளுக்கு விற்கிறது. அந்த ஆலைச் சரக்கு மேல் எனக்குக் குறையே இல்லை, அருமையாக வடிக்கிறார்கள். ஆனால் நான் காசு கொடுத்தது அந்த வயலுக்கு. அந்த பிராண்டின் பெயரை இங்கே எழுதவில்லை, பாட்டிலை இன்னும் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

ரிட்டன்ஹவுஸின் கணக்கும் 51தான், அதை மறைக்கக்கூடாது. பெயர் பிலடெல்பியாவின் சதுக்கத்துடையது, வடிப்பது கென்டக்கியில். ஆனாலும் அது "பாட்டில்ட் இன் பாண்ட்". 1897ஆம் வருடத்துச் சட்டம்: ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது நாலு வருடம் அரசுக் கண்காணிப்புக் கிடங்கில், சரியாக 50 சதவீத ஆல்கஹால். எந்த ஆலை என்ற எண்ணும் லேபிளில் இருக்கும். இவ்வளவு சொல்கிற லேபிளில் ரை எத்தனை சதவீதம் என்ற ஒரு வரிக்கு இடமில்லையா? உடம்புக்குள் போகிற பொருள் இது.

நண்பர் அனுப்பிய படத்தில் ஆலை எண் இல்லை, வயது இல்லை, ரை எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. குதிரை வண்டிப் படம் மட்டும் இருந்தது. அதனால்தான் வேண்டாம் என்றேன். ருசிக்கு மட்டும் என்றால் பத்துக்கு ஒன்பது போடுவேன். இன்றைய மனநிலையில் ரை விஸ்கி மொத்தத்துக்கும் ஐந்துதான். நண்பர் கடைசியில் ரிட்டன்ஹவுஸ் எடுத்திருக்கிறார். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வெர்முத்தை இப்போதே ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.