பொள்ளாச்சி தோப்புப் பாதைகளில் ஹிமாலயன் 411: ஓட்டமும் பராமரிப்பும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 என்று தேடினால் லடாக் படங்கள்தான் வரிசையாக வந்து விழும். என் வண்டி ஓடுவதெல்லாம் பொள்ளாச்சியைச் சுற்றித்தான். காலையில் ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் பக்கத்துத் தென்னந்தோப்புகள், அவ்வப்போது கோவை, மனசு கேட்டால் வால்பாறை. 2021-இல் வாங்கிய, பி.எஸ். 6 மாசு விதிக்கு ஏற்ற வண்டி. ஓடோமீட்டர் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு ஓட்டிய பிறகு என் கருத்து ஒன்றுதான்: செயின், ஸ்போக், பேரிங் மூன்றையும் நேரத்துக்குப் பார்த்துவிட்டால் இந்த வண்டி எந்தப் பாதையிலும் போகும். கடையில் வாங்கி மாட்டும் சாமான்களெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரைகளில் சரளையும் செம்மண்ணும் இருக்கும். மழை பெய்தால் சில இடங்களில் களியாகிவிடும். டிராக்டர் டயர் பதித்த தடம் காய்ந்து இறுகியிருக்கும். சாதாரண பைக்கின் முன் சக்கரம் அதில் இறங்கினால் ஹேண்டிலைப் பிடுங்கும். 411-இன் 21 அங்குல முன் சக்கரம் அந்த விளிம்பை ஏறிக் கடந்துவிடுகிறது. முன்பக்கம் 200 மி.மீ., பின்பக்கம் 180 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு, தரையிலிருந்து 220 மி.மீ. உயரம். என்ஜினும் இந்தப் பாதைக்கென்றே செய்தது போலிருக்கிறது. 24.3 பிஎச்பி என்பது காகிதத்தில் பெரிய எண் கிடையாது. ஆனால் 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே முழுசாகக் கிடைத்துவிடுவதால், இரண்டாவது கியரில் கிளட்சைத் தொடாமலே தோப்புக்குள் ஊர்ந்து போகலாம்.

சீட் உயரம் 800 மி.மீ. என்பதால் நடுத்தர உயரக்காரருக்கும் கால் எட்டும். பின்னால் உட்காருபவருக்குத்தான் ஏறுவது சிரமம். புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காரும் அம்மா முதல் நாளே, "ஏணி ஒண்ணு வெச்சுக் குடு சாமி" என்றார். இப்போது திண்ணை ஓரமாக வண்டியை நிறுத்தினால் அவரே ஏறிக்கொள்கிறார். சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் கால் சுடும் பயமில்லை. வீட்டில் பெரியவர்களையும் ஏற்றிப் போகவேண்டியவர்கள் ஷோரூமிலேயே அவர்களை உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கோவை நான்குவழிச் சாலையில் 80, 90 வரை நிம்மதியாகப் போகலாம். அதற்கு மேல் என்ஜின் உழைக்கத் தொடங்குவது கைக்கும் காலுக்கும் தெரியும். தினமும் 110-இல் பறக்க வேண்டியவருக்கு இது வண்டியல்ல. மைலேஜ் லிட்டருக்கு 30-ஐ ஒட்டி வருகிறது. 15 லிட்டர் டாங்கை நிரப்பினால் 400 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் நினைப்பே வேண்டாம்.

இனி செயின். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீளமான சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் செயின் விஷயம் வேறு மாதிரி. என் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் ஸ்பேனரை வைத்துவிட்டு, "டைட்டா இருந்தாத்தான் நல்லதுன்னு நெனைக்காதீங்க தம்பி, ஆள் உக்காந்தா அது இன்னும் இறுகும்ங்க" என்றார். காரணம் இதுதான்: முன் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை அசையும் மூட்டு), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே தூரம் அதிகம். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் கீழே தொங்குவதால் அந்தத் தூரம் குறைவு. அந்த நிலையில் கிண்ணென்று இறுக்கிவிட்டால், ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் செயினுக்கு நீளம் போதாது. அப்போது அது இழுப்பது கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட் பேரிங்கையும் பின் சக்கர பேரிங்கையும்தான். ஆகவே மேனுவல் சொல்லும் தளர்வில் அதிகபட்ச அளவை ஒட்டியே வைத்துக்கொள்கிறேன். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், மென்மையான பிரஷ். பெட்ரோல் வேண்டாம், உள்ளே கிரீஸைக் காக்கும் ஓ-ரிங் ரப்பரைக் கெடுத்துவிடும். ஓடி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) போட்டு, அன்று ராத்திரி அப்படியே விட்டுவிடுவேன். கம்பெனியே சென்டர் ஸ்டாண்ட் கொடுத்திருப்பதால் இதெல்லாம் வீட்டு வாசலிலேயே முடிகிறது.

அடுத்து ஸ்போக். சரளையில் ஓடும் வண்டிக்கு ஸ்போக் தளர்வது இயல்பு. சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால் இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக 'தொப்' என்னும். ஒன்றிரண்டு தளர்ந்ததும் பார்த்தால் சில நிமிட வேலை. விட்டுவிட்டால் பக்கத்து ஸ்போக்குகள் சுமையைத் தாங்கி, ரிம் கோணி, வீல் பெண்ட் எடுக்க ஆளைத் தேடிப் போக வேண்டும். டியூப் டயர் என்பதால் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். பின் சக்கரத்துக்குரிய 17 அங்குல டியூப் பெரிய ஊர்களில் கிடைத்துவிடும். 21 அங்குல டியூப் சாலையோரக் கடைகளில் கிடைப்பது அபூர்வம். ஆகவே ஒரு முன் டியூப், இரண்டு டயர் லீவர், சின்னக் காற்றுப் பம்பு மூன்றும் எப்போதும் பையில் இருக்கும். கட்டாயம் வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

மூன்றாவது பேரிங், அதாவது ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்குகள் அடங்கிய கோன் செட். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் கீழே கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் லேசாகச் சிக்குவது போலிருந்தால் கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது. நேராகப் போகும்போது முன் சக்கரம் வாங்கும் அடியெல்லாம் பேரிங்கின் ஒரே இடத்தில் விழுவதால், தேய்மானமும் அங்கேதான் வரும். மாற்றும் முறை வந்தபோது டேப்பர் ரோலர் பேரிங் போட்டுக்கொண்டேன். உருண்டை பால் ஒரு புள்ளியில் தாங்குவதை ரோலர் ஒரு கோடு நீளத்துக்குத் தாங்குகிறது. வால்பாறை ஊசி வளைவுகளில் ஹேண்டில் திரும்பும் மென்மையில் வித்தியாசம் உடனே தெரிந்தது. இந்த வண்டிக்கு நான் செய்த மாற்றங்களில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் கவனம் வேண்டும். இரண்டாவது கியரில் என்ஜின் பிரேக்கிங்கை நம்பி இறங்கினால் டிஸ்க் அதிகம் சூடாகாது. இந்தப் பாதையில் போகிறவர்கள் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் திடீரென்று லீவர் மெத்தென்று ஆகிவிடுவது பல சமயம் இதனால்தான். முன் பிரேக்குக்கு ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் (எஃகுக் கம்பி பின்னிய பிரேக் குழாய்) போட்டேன். விரலில் அழுத்தம் தெளிவாகத் தெரிகிறது, செலவுக்குத் தகுந்த பலன்.

பொள்ளாச்சிக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு: தேங்காய் நார்த் தூசி. நார் மில்கள் இருக்கும் சாலைகளில் காற்றிலேயே மிதக்கும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். அதே தூசியும் வாய்க்கால் மண்ணும் என்ஜின் முன்னாலிருக்கும் ஆயில் கூலர் இதழ்களில் அப்பிக்கொள்ளும். தோட்டத்து ஹோஸில் மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். என்ஜின் ஆயில் 15டபிள்யூ-50 தான். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம் என்று கம்பெனி சொன்னாலும் நான் 5,000-இல் மாற்றிவிடுகிறேன். காற்றாலும் ஆயிலாலும் குளிரும் என்ஜின், மெதுவான ஓட்டம், ஏப்ரல் வெயில் என்று மூன்றும் சேர்ந்தால் ஆயில்தான் முதலில் தளரும். டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று இருக்கிறதா பாருங்கள். கிளட்சும் அதே ஆயிலில் முங்கி ஓடுவதால் கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

வண்டி எடை 199 கிலோ. எதை மாட்டினாலும் அது இதோடு சேரும் என்பதை நினைவில் வைத்துத்தான் கடைக்குப் போக வேண்டும். கைக் காப்பு போட்டேன். தோப்பு முள்ளிலிருந்து விரலையும், கீழே சாய்ந்தால் லீவரையும் காக்கிறது. மூடுபனிக்கு மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு ஜோடி சின்ன விளக்கு, தனி ரிலேயோடு (விளக்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்). எதிரே வண்டி வந்தால் அணைத்துவிடுவேன். அலுமினியப் பெட்டிகள் பார்க்க கம்பீரம்தான், ஆனால் பெட்டியும் பிரேமும் காலியாகவே பல கிலோ இருக்கும். எனக்குத் துணிப் பைகள் போதும்.

சத்தம் போடும் சைலன்சர் மட்டும் தயவுசெய்து வேண்டாம். வால்பாறைச் சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஒன்பதாவது வளைவில் வரையாடு சாலையோரம் நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அங்கே வெடிச்சத்தத்தோடு போவதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்ததோடு 411-இன் காலம் முடிந்தது. 450-ஐ ஓட்டிப் பார்த்தேன். லிக்விட் கூலிங், 40 பிஎஸ், ஆறு கியர்; நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனாலும் டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) ஸ்க்ரூவும் நட்டும் வைத்தே உள்ளூர் மெக்கானிக் சரிசெய்துவிடும் என் என்ஜினை மாற்ற மனம் வரவில்லை.

இனி 411 வேண்டுமென்றால் பழையதுதான். பார்க்கப் போகும்போது என்ஜினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒரே செல்ஃபில் பிடிக்க வேண்டும். இதில் கிக்கர் கிடையாது, ஆகவே பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், ஸ்போக்குகளைத் தட்டிப் பாருங்கள், பின் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கியாக வளைந்திருக்கிறதா பாருங்கள். கூடுதல் விளக்கு மாட்டியிருந்தால் சீட்டைக் கழற்றி, வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, ரிலேயும் ஃபியூஸும் வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.