ஒரே பில், ஒரே விலை, உள்ளே வேறு சரக்கு

கோவையில் கணினி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

திருப்பூரில் பின்னலாடைக்கு டிசைன் வரைந்து கொடுப்பது எனக்கும் என் தங்கைக்கும் பிழைப்பு. இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு டெஸ்க்டாப் கணினிகளைக் காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் வாங்கினோம். பில்லில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: ஐ5 (செயலி), 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி). ஆனால் என் கணினி சட்டென்று திறக்கும் டிசைனைத் தங்கையின் கணினி திணறித் திணறித்தான் திறந்தது.

கடைக்காரரிடம் சொன்னோம். "வைரஸ்தானுங்க, விண்டோஸ் புதுசாப் போட்டாச் சரியாப் போயிருமுங்க" என்றார். போட்டார், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார். வேகம் மாறவில்லை. அடுத்து, கரண்ட் சரியில்லை என்றார். என் கணினியும் அதே அறையில், அதே லைனில்தான் ஓடுகிறது!

பிறகு நாங்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். செயலி இரண்டிலும் ஐ5-10400. ஆண்டிவைரஸ், பவர் பிளான், சூடு எதிலும் வித்தியாசம் இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தபோதுதான் முதல் குட்டு வெளிப்பட்டது. என்னுடையதில் 8 ஜிபி ராம் இரண்டு; தங்கையுடையதில் 16 ஜிபி ஒன்றே ஒன்று. இந்தச் செயலிக்கு நினைவகத்தோடு பேச இரண்டு சேனல்கள், அதாவது இரண்டு வழிகள், உண்டு. 2666 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்குச் சுமார் 21 ஜிபி கடத்தும், இரண்டும் சேர்ந்தால் 42. ஒற்றை ராம் போட்டால் பாதி வழி அடைபட்டுவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான வேலையும் அதே ராமைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், படம் வரைபவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழும்.

ராமையாவது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்தது பச்சை மோசடி. எஸ்எஸ்டியின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். என் எஸ்எஸ்டி என்விஎம்ஈ வகை; நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கக்கூடியது. தங்கையுடையது சாட்டா வகை; அதன் உச்சமே 550 எம்பி அளவுதான். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவத்தில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அது போதாதென்று, 'பவர் ஆன் ஹவர்ஸ்' (இதுவரை ஓடிய நேரம்) என்ற இடத்தில், தங்கையின் எஸ்எஸ்டிக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டியது. யாரோ ஓட்டித் தேய்த்த எஸ்எஸ்டியைப் புதிது என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்தத் திரையைப் படமெடுத்துக் காட்டிய பிறகே எஸ்எஸ்டியை மாற்றிக் கொடுத்தார்கள். விண்டோஸ் போட்ட பணத்தைக் கேட்டால் பேச்சே இல்லை.

"512 ஜிபி எஸ்எஸ்டி" என்று மட்டும் எழுதிய பில்லை ஏற்காதீர்கள். ராம் ஒன்றா இரண்டா, எஸ்எஸ்டியின் கம்பெனி, மாடல், சீரியல் எண் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் கடையிலேயே நான் சொன்ன இரண்டு திரைகளையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று மிரட்டுவார்கள், நம்பாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை. நாங்கள் இப்போதைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறோம்.