கொழுக்குமலையா, மீசப்புலிமலையா, குரங்கணியா?

போடிப் பக்கம் மலை ஏறணும் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த மூன்று பெயர்களில்தான். மூன்றும் ஒரே மலைத்தொடர், ஒன்றில் நின்றால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் போகிற வழி, செலவு, கால்வலி எல்லாம் வேறு வேறு. எனக்கு மீசப்புலிமலைதான். ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கு வேறு ஒன்று சரிப்படலாம்.

கொழுக்குமலையில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பாதிப் பேர் இதைத்தான் ட்ரெக்கிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடம் தேனி மாவட்டம், ஆனால் ரோடு கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். அங்கேயே சொந்தக் காரை நிறுத்திவிட்டு ஜீப் ஏறணும். விடியலைப் பார்க்க இருட்டோடு கிளம்பி, பாறையும் பள்ளமுமான தோட்டப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போடப்பட்டுத்தான் மேலே போவீர்கள். முதுகுவலிக்காரர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போய்விட்டால் கண்ணுக்குக் குறையில்லை: போடிச் சமவெளி முழுக்க வெள்ளை மேகம், அதற்கு மேலே சூரியன். சிங்க முகம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் போட்டோ எடுக்க வரிசை நிற்கும். 1930களில் கட்டிய தேயிலை ஃபேக்டரியில் பழைய மெஷின்களைப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் டீ குடிக்கலாம். உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று அங்கே சொல்வார்கள், அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிடுங்கள். நடப்பது மொத்தத்தில் கொஞ்சம்தான். அம்மா அப்பா, சின்னப் பிள்ளைகளோடு வந்தால் இதைவிட நல்லது இல்லை, வாடகையும் தலைக்கு இல்லாமல் ஜீப்புக்கு என்பதால் ஆள் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

மீசப்புலிமலை 2,640 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர், ஆனால் அதன் உச்சிக்குச் சும்மா போய்விட முடியாது, ஆகவே இந்தப் பக்கம் நம் காலுக்கு எட்டும் பெரிய உயரம் இதுதான். கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் முன்கூட்டியே பதிவு செய்யணும், மூணாறில் இறங்கி விசாரித்துக்கொள்ளலாம் என்று வந்தால் திரும்ப வேண்டியதுதான். மூணாறுப் பக்கத்துச் சைலன்ட் வேலி எஸ்டேட் வழியாக ஜீப், ராத்திரி தங்கல், காலையில் வழிகாட்டியோடு நடை. பணம் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். ஆனால் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது கூட்டமில்லாத புல்மேடு. ஒரு மேடு ஏறி முடித்ததும் இதுதான் உச்சி என்று தோன்றும், பார்த்தால் பின்னாடி இன்னொன்று நிற்கும், அப்புறம் இன்னொன்று. பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு, மற்றதெல்லாம் காற்றும் புல்லும். டிசம்பர், ஜனவரியில் சைலன்ட் வேலிப் பக்கம் புல்லில் உறைபனி விழும், ஸ்வெட்டர் ஒன்று போதாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் அட்டையும், அப்போது விட்டுவிடுங்கள். குறிஞ்சிக்காகத்தான் என்றால், இந்தப் பக்கம் 2018ல் பூத்தது, அடுத்தது 2030.

குரங்கணி வேறு ரகம். போடியில் இருந்து பஸ் இருக்கிறது, கையில் இருக்கிற காசில் முடியும், ஆனால் ஜீப்பே இல்லாமல் அடிவாரத்தில் இருந்து முழு மலையையும் நீங்களே ஏறணும். காபி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற பழைய பாதை, மூட்டை சுமக்கும் குதிரைகள் எதிரே வந்தால் மலைச் சரிவுப் பக்கம் ஒதுங்கி நிற்கணும், பள்ளத்துப் பக்கம் அல்ல. வழியில் வரும் சென்ட்ரல், மேலே பாதை முடியும் டாப் ஸ்டேஷன் என்ற பெயர்களெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் போக்குவரத்தின் மிச்சம். மூணாறில் இருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி வந்து சேர்ந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதையே போனது. சரக்கு இறங்கிய மலையில் நாம் ஏறுகிறோம், நடையைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் சுவாரசியம்.

பிறகு ஏன் இதை முதலில் சொல்லவில்லை என்றால், 2018 மார்ச். காய்ந்த போதைப்புல்லில் தீ பிடித்து மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். ஆள் உயரப் புல், காற்று வேறு, சரிவில் ஓட இடமில்லை. அதனால் பிப்ரவரி பாதியில் இருந்து ஏப்ரல் பாதி வரை யார் கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் போகாதீர்கள், பாதை தெரியும் என்று சொல்கிற ஆளோடும் போகாதீர்கள். தமிழக வனத்துறை 2024ல் ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதை இருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போவதுதான் முறை. டாப் ஸ்டேஷன் வரை ஆசை என்றால் போடியில் வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும். இல்லை என்றால் டாப் ஸ்டேஷனை மூணாறு பக்கமிருந்து வண்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு இப்போது போடி வரைக்கும் ரயில் உண்டு, அங்கிருந்து போடிமெட்டு ஏறினால் சூரியநெல்லி, மூணாறு இரண்டுக்கும் வழி. ஒன்று மட்டும், சூரியநெல்லியை ஒட்டிய சின்னக்கானல் சுற்றுவட்டாரம் யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023ல் பிடித்துக்கொண்டு போனதோடு யானையே இல்லை என்று ஆகிவிடவில்லை, மற்றவை அங்கேதான் இருக்கின்றன. எங்கே தங்கினாலும் இருட்டுவதற்குள் ரூமுக்குப் போய்விடுங்கள், அதிகாலை ஜீப்பையும் ரோட்டில் நின்று தேடாமல் வாசலுக்கே வரச் சொல்லுங்கள்.