பால் பைத்தான் ஜோடி, கூடவே "பண்ணை பர்மிட்" என்று யாராவது வந்தால் பணம் போடாதீர்கள்

2024 நவம்பரில் ஒரு ஜோடி பால் பைத்தான் (ball python) பாம்புக்கு 85,000 ரூபாய், அவற்றை இனப்பெருக்கம் செய்ய "பர்மிட்" எடுத்துத் தருவதற்கு 40,000 ரூபாய் என்று கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனதைவிட அந்த ஆண் பாம்பு என் கையில் செத்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அதே ஆள் புது நம்பரில் திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸப் குரூப்களில் ஜோடி விற்கிறான் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும், விஷமில்லாத, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் இந்தப் பாம்பைத் தேடினேன். "அண்ணா, எல்லாமே நம்ம பண்ணையில பொரிச்ச குட்டிங்க. சைட்டிஸ் பேப்பர் கையில தர்றேன், பர்மிட்டும் நானே எடுத்துக் குடுத்தர்றேன்" என்றான். சைட்டிஸ் (CITES) என்பது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம். ஒரு தடவைக்கு நாலைந்து முட்டை, ரெண்டு மாசத்தில் பொரிக்கும் என்று கணக்கும் சொன்னான். அந்தக் கணக்கு மட்டும்தான் உண்மை.

அவன் தந்த லேமினேட் செய்த தாளை ஒரு வாரம் கழித்துத்தான் நிதானமாகப் படித்தேன். ஏற்றுமதி செய்த நாடு டோகோ, தேதி 2019. என்னிடம் இருந்தவையோ ஒரு வயதுகூட ஆகாத குட்டிகள். சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி 6 மாதத்துக்கு மேல் செல்லாது, அதுவும் அந்த ஒரு சரக்குக்கு மட்டும்தான். அப்புறம் அந்தத் தாளில் விலங்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒற்றை எழுத்து போட்டிருப்பார்கள், எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அது. 'சி' என்றால் கூண்டிலேயே இனப்பெருக்கமானது, 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது, 'ஆர்' என்றால் முட்டையாகவோ குட்டியாகவோ காட்டிலிருந்து எடுத்துவந்து வளர்த்தது. என் தாளில் 'ஆர்' என்று இருந்தது. இவன் பண்ணையில் பொரித்த குட்டிக்கு டோகோவிலிருந்து 'ஆர்' எப்படி வரும்? செதிலுக்கடியில் உண்ணி இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். ஆண் பாம்பு ஒரு எலியைக்கூடத் தொடவில்லை, ஐந்தாவது வாரம் செத்துப்போனது.

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்து இறங்கிய ஒரு பயணியின் பைகளில் 22 பாம்புகளைச் சுங்கத்துறை பிடித்த செய்தியை நானும்தான் படித்தேன். என் ஜோடியும் அப்படி வந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இப்போது பர்மிட்டுக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். வன உயிரினச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் அதன் நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அவற்றை உயிரோடு வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். கை மாறினாலும் குட்டி பொரித்தாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். இனப்பெருக்கத்துக்கென்று தனி லைசென்ஸ் சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கும் உயிரினங்களுக்குத்தான், பால் பைத்தானோ இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதாவது நான் 40,000 கொடுத்தது இந்தப் பாம்புக்கு இல்லவே இல்லாத ஒரு லைசென்ஸுக்கு. விற்பவனிடம் முதலில் கேட்க வேண்டியது அவன் பெயரில் உள்ள பதிவை. நான் கேட்டபோது, 2020இல் வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆவணம் இல்லாமலே தாமாக அறிவிக்க மத்திய அரசு அவகாசம் கொடுத்ததே, அப்போது வேறு யாரோ வாங்கிய ஒப்புகைச் சீட்டை அனுப்பினான்.

மார்ச்சில் மறுபடியும் போன். "நம்மூர் மலைப்பாம்பு ஜோடி ஒண்ணு இருக்குதுங்க அண்ணா, அதே பர்மிட்டுல வெச்சுக்கலாம். இருளர் சொசைட்டியில பாம்பு வெச்சிருக்கலையா?" என்றான். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார் அரசு அனுமதியோடு, குறிப்பிட்ட நான்கு வகை விஷப் பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த உழைப்பை இவன் திருட்டுக்குச் சாட்சியாக இழுக்கிறான். நம் மலைப்பாம்பு அதே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காக்கள் அதை இனப்பெருக்கம் செய்யலாம், வீட்டிலோ தோட்டத்திலோ வைக்க நமக்கு எந்த பர்மிட்டும் கிடையாது. கூண்டில் பொரித்த குட்டி என்று சொன்னாலும் நிலைமை மாறாது. மாட்டினால் 3 முதல் 7 வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

முடியாது என்றேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மறுநாளே வனச்சரக அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்து, பெண் பாம்பையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் முழுவதையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். பணத்துக்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

டோகோ, 2019 என்று போட்ட அதே தாள் உங்களிடமும் இருந்தால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்க இன்னும் ரெண்டு பேராவது வேண்டும்.