புதிய ரகமா, உழவர் ரகமா? வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் விடை ஒன்றல்ல

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001-இன்கீழ் வெங்காயத்தையோ பூண்டையோ பதிவு செய்ய முனைவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். புதிய ரகமாக விண்ணப்பித்தால், விண்ணப்ப நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே அது இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கக் கூடாது, கட்டணங்கள் உண்டு, சோதனை இரண்டு பருவங்களுக்கு நடக்கும். உழவர் ரகமாக, அதாவது உழவர்கள் மரபாகப் பயிரிட்டுக் காத்துவந்த ரகமாக, விண்ணப்பித்தால் புதுமை தேவையில்லை, கட்டண விலக்கு உண்டு, கலவன்களுக்கான (ரகத்தின் பண்பிலிருந்து மாறுபட்டு நிற்கும் செடிகளுக்கான) வரம்பும் தளர்வானது. பாதுகாப்புக் காலம் இரண்டிலும் 15 ஆண்டுகள்தான் என்பதால், இரண்டாவது வழியே எல்லோருக்கும் மேல் என்று தோன்றும். பயிரின் இயல்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

தனித்தன்மை (பிற ரகங்களிலிருந்து வேறுபடுதல்), சீர்மை (செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருத்தல்), நிலைத்தன்மை (தலைமுறைதோறும் பண்பு மாறாமை) ஆகிய மூன்றையும் இவ்விரு பயிர்களுக்கும் சோதிக்கும் முக்கிய மையம், புணே மாவட்டம் ராஜ்குருநகரில் உள்ள வெங்காயம் மற்றும் பூண்டு ஆராய்ச்சி இயக்ககம். அங்கே வெங்காயத்தை மடக்குவது சீர்மைதான். தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர் என்பதால், சான்று விதை உற்பத்திக்கே 500 மீட்டர் தனிமைத் தூரம் வேண்டியிருக்கிறது. உருண்டைக் காய்களின் வரிசையில் தட்டையான காய் ஒன்றோ, குறுக்கே வெட்டும்போது ஒரு மையத்துக்குப் பதிலாக மூன்று மையங்கள் காட்டும் காய் ஒன்றோ வந்தால் அது கலவன் கணக்கில் சேரும். சீர்மைக்காகத் தொடர்ந்து தன் மகரந்தச் சேர்க்கை செய்தாலோ, சில தலைமுறைகளிலேயே வீரியம் குன்றிவிடும். காயை எடுத்து, சேமித்து, மறுபடி நட்டு விதை எடுக்க வேண்டியிருப்பதால் ஒரு தலைமுறைக்கே இரண்டு பருவங்கள் ஆகின்றன.

பூண்டில் இந்தத் தொல்லை இல்லை. பல்லை நட்டுப் பெருக்குவதால் பயிர் தாயின் நகலாகவே வரும். சீர்மை எளிதில் அமைந்துவிடும். சிக்கல் தனித்தன்மையில் இருக்கிறது. ஒரே பூண்டு ஊருக்கு ஊர் வேறு பெயரில் புழங்குவது சாதாரணம். பல்லின் வழியே தலைமுறைதோறும் சேரும் நச்சுயிரிகள் இலை அகலத்தையும் காய் அளவையும் குறைத்துவிடுவதால், நோயற்ற விதைப்பூண்டும் நோயுற்ற விதைப்பூண்டும், ஒரே ரகமாக இருந்தும், இரண்டாகத் தெரியக்கூடும். சோதனை இடமும் முக்கியம்: குளிர் போதாத சமவெளியில் மலைப்பூண்டு பல் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடலாம்.

பதிவுக்குப் பின் உரிமையைக் காப்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், பரிமாறலாம், முத்திரைப் பெயர் இல்லாமல் விற்கலாம் என்கிறது. சந்தையில் வாங்கிய பூண்டே விதைப்பூண்டாகிவிடும் நிலையில், புதிய பூண்டு ரகத்தை உருவாக்கியவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பெயர்தான். கலப்பின வெங்காயத்திலோ, சேமித்த விதை அடுத்த தலைமுறையில் பண்பு பிரிந்துவிடும். விதைக்கு மறுபடியும் உற்பத்தியாளரிடமே வர வேண்டும். ஆகவே புதிய ரகப் பதிவுக்குச் செலவிடுவது வெங்காயக் கலப்பினங்களுக்கும், அவற்றின் பெற்றோர் வழிகளுக்கும் தகும். பூண்டுக்கு அவ்வளவாகத் தகாது என்பதே என் கணிப்பு.

மரபாகப் பயிரிடப்படும் பூண்டுக்கு உழவர் ரகப் பதிவே பொருத்தம். அதனோடு புவிசார் குறியீட்டையும் எண்ணிப் பார்க்கலாம். சென்னையிலுள்ள பதிவகம் வழங்கும் இந்தக் குறியீடு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அது கிடைத்தது. ஆயினும் அது காப்பது பெயரையும் இடத்தையுமே. மன்னவனூரிலிருந்து விதைப்பூண்டை வேறொரு மலைக்குக் கொண்டுபோய் நடுவதை அது தடுக்காது, கொடைக்கானல் பெயரில் விற்பதை மட்டுமே தடுக்கும். எந்த வழியில் போனாலும், விண்ணப்பிக்கும் முன் அண்டை ஊர்களில் வேறு பெயர்களில் புழங்கும் பூண்டுகளைத் திரட்டி, ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் பக்கம் பக்கமாக நட்டு, பல்லின் எண்ணிக்கையையும் தோலின் நிறத்தையும் குறித்து வைப்பது நல்லது. சோதனை மையம் முதலில் கேட்கப்போவது அந்த வேறுபாட்டைத்தான்.