ஆளுநர் பாடத்தில் சறுக்கிய தேர்வு வழிகாட்டி

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கைக்காக இந்திய ஆட்சியியல் வழிகாட்டி ஒன்றை வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். 2025ஆம் ஆண்டின் நடுவில் அச்சான நூல் என்பது மட்டும் இங்கே முக்கியம். ஆளுநரைப் பற்றிய அத்தியாயத்தை வரிவரியாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தாளிலும் அச்சிலும் குறையில்லை. அரசியலமைப்பின் 153 முதல் 162 வரையிலான பிரிவுகளுக்கான அட்டவணை, 35 வயதுத் தகுதி, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னிலையில் ஏற்கும் உறுதிமொழி, ஒருவரே பல மாநிலங்களுக்கு ஆளுநராக இருக்க வழிசெய்த 1956ஆம் ஆண்டின் 7ஆவது திருத்தம் ஆகிய அனைத்தும் சரியாகவே உள்ளன. ஆனால் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில்தான் பதவி என்பதையே 156ஆம் பிரிவு முதலில் சொல்கிறது. ஐந்தாண்டு அதற்கு உட்பட்டது.

இதைவிடப் பெரிய குறை, ஆளுநர் நியமிக்கிறார், கூட்டுகிறார், கலைக்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போய், அவற்றில் பெரும்பாலானவற்றை அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செய்ய வேண்டும் என்னும் 163ஆம் பிரிவைப் பெட்டிச் செய்தியாக ஓரத்தில் ஒதுக்கியிருப்பது. தேர்வில் கேள்வி எழுவதே அந்த இடத்தில்தான்.

சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் அளிப்பது பற்றிய 200ஆம் பிரிவில் நூல் காலாவதியாகிவிட்டது. தமிழ்நாட்டின் 10 சட்டமுன்வடிவுகள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்து, ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் எனக் காலக்கெடுவும் வகுத்த உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8ஆம் நாள் தீர்ப்பை இறுதி நிலைப்பாடாகவே நூல் தருகிறது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதற்கும் இடமில்லை என்று கருத்துரைத்தது. ஆயினும், விளக்கமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால், முடிவெடுக்குமாறு நீதிமன்றம் அளவோடு பணிக்கலாம் என்றும் கூறியது. அச்சான பின் வந்த மாற்றத்துக்காகப் பதிப்பாளரைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் இன்றும் விற்கும் பிரதியோடு ஒரு திருத்தத் தாளை இணைப்பதற்கு என்ன தடை?

கேட்டதற்கு, அடுத்த பதிப்பில் சேர்ப்போம் என்றார்கள். என் தங்கை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டாவது தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.